பத்தாவது தோட்டாவுக்குப் பிறகு



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் தலைப்பு என்னவென்று கேட்டார்கள். அமெரிக்க மாநிலங்களின் துப்பாக்கிச் சட்டம் என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. நியாயமான தயக்கம்தான். வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் ரைபிளில் எத்தனை தோட்டா போடலாம் என்று பேச வருகிறேன் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆயினும் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை ஓர் இரும்புத் துண்டிலிருந்து தொடங்குகிறேன்.

2022 மே 14, சனிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம். கறுப்பின மக்கள் வாழும் கிழக்குப் பகுதியில் ஜெபர்சன் அவென்யூ என்ற சாலையில் ஒரு பல்பொருள் அங்காடி இருக்கிறது. காய்கறியும் பாலும் வாங்க அந்தப் பகுதிக்கு ஒரு கடை வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகள் போராடி, 2003-ல் வந்த கடை அது. 18 வயது வெள்ளை இனவெறியன் ஒருவன் மூன்று மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டி அங்கே வந்தான். கறுப்பின மக்கள் எந்த அஞ்சல் குறியீட்டில் அதிகம் வாழ்கிறார்கள் என்று தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அது. 13 பேரைச் சுட்டான். 10 பேர் இறந்தார்கள். பத்துப் பேரும் கறுப்பினத்தவர்கள். கடைக் காவலாளி ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவர் திருப்பிச் சுட்டார். கொலைகாரன் அணிந்திருந்த கவசத்தில் அந்தத் தோட்டா நின்றுபோனது. காவலாளியும் இறந்தவர்களில் ஒருவர்.

அந்த ரைபிள் நியூயார்க்கில் ஒரு கடையில் சட்டப்படி வாங்கப்பட்டது. நியூயார்க்கிலோ கடுமையான சட்டம் இருக்கிறது. மேகசினைக் கழற்றி மாட்டக்கூடிய அரைத் தானியங்கி வகை ரைபிளில் துருத்திய கைப்பிடி முதலான பாகங்கள் இருக்கக் கூடாது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை விற்கவும் கூடாது. அப்படியானால் கடைக்காரர் எப்படி விற்றார்? மேகசின் கழலாதபடி ஒரு சிறு பூட்டு வைத்து விற்றார். மேகசின் கழலாது என்றால் அது தடைசெய்யப்பட்ட ரைபிள் ஆகாது. வாங்கியவன் வீட்டில் வைத்து அந்தப் பூட்டை எடுத்துவிட்டு 30 தோட்டா மேகசின்களை மாட்டிக்கொண்டான். ஜெபர்சன் அவென்யூவில் சட்டத்துக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்லை நினைவுபடுத்துகிறேன்: சிறுத்தை. அலபாமா மாநிலத்தின் லௌண்டஸ் மாவட்டத்தில் வாக்குரிமை கேட்ட குத்தகை விவசாயிகள் கருஞ்சிறுத்தையைத் தங்கள் சின்னமாக வைத்தார்கள். 1966 அக்டோபரில் ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் அந்தச் சின்னத்தோடு கட்சி தொடங்கினார்கள். 1972-ல் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் மும்பையில் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1980-களில் மலைச்சாமி வழியாக அது மதுரைக்கு வந்தது. சொல்லை எடுத்துக்கொண்ட நாம், அந்தச் சொல்லைச் சூடிய முதல் ஆட்களைப் பார்த்து ஓர் அரசு எப்படி நடுங்கிச் சட்டம் போட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். சட்டத்தைப் பற்றிப் பேசுகிற நம்மில் பலருக்கு இதில் பழக்கமில்லை, எனக்கும் இல்லை. மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடு. உள்ளே ஒரு ஸ்பிரிங் தோட்டாவை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகும், அடுத்தது தானாக ஏறும். கூடு காலியானால் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். பழகியவனுக்கு இரண்டு மூன்று விநாடி, கை நடுங்குகிறவனுக்கு இன்னும் கொஞ்சம். மேகசின் அளவுச் சட்டம் முழுவதும் இந்தச் சில விநாடிகளை நம்பித்தான் நிற்கிறது. இந்த நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியேல் கிஃபோர்ட்ஸைச் சுட்டவனிடம் இருந்தது 33 தோட்டா கொள்ளும் மேகசின். அரை நிமிடத்துக்குள் 19 பேரைச் சுட்டான், 6 பேர் இறந்தார்கள். அடுத்த மேகசினை மாட்டப் போனபோதுதான் சுற்றி இருந்தவர்களால் அவனைக் கீழே தள்ள முடிந்தது. அந்த மேகசினைப் பிடுங்கியவர் 61 வயதுப் பெண். முதல் மேகசினில் 10 தோட்டா மட்டும் இருந்திருந்தால் அந்த விநாடிகள் எவ்வளவு முன்னால் வந்திருக்கும் என்ற கேள்விதான் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி முதலான மாநிலங்களின் 10 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. கொலராடோ 15 என்று வைத்தது. இல்லினாய் ரைபிளுக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15 என்றது. அந்த எண்ணில் எந்தப் புனிதமும் இல்லை.

பாகங்களின் கதை வேறு மாதிரி. அது கொஞ்சம் கேலிக்கூத்தும் கூட.

1989 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி மைதானத்தில் 5 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அனைவரும் 6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள். கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அமெரிக்கக் குண்டுக்கும் போல் பாட்டின் வதைமுகாமுக்கும் தப்பி வந்த குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குத் தப்பவில்லை. கொலைகாரனிடம் இருந்தது ஏ.கே. வகை ரைபிளும் 75 தோட்டா கொள்ளும் வட்ட மேகசினும். சில நிமிடங்களில் 100-க்கும் மேற்பட்ட முறை சுட்டான். அந்த ஆண்டு மே மாதம் ராபர்ட்டி–ரூஸ் சட்டம் வந்தது. அமெரிக்க மாநிலம் ஒன்று தாக்குதல் துப்பாக்கிகளைத் தடைசெய்தது அதுவே முதல்முறை.

அந்தச் சட்டம் ஐம்பதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடைசெய்தது. பெயர் சொல்லித் தடைசெய்தால் வியாபாரி என்ன செய்வான்? பெயரை மாற்றுவான். பட்டியலில் டெக்-9 இருந்தது; டெக்-டிசி9 என்ற பெயரில் அதுவே விற்பனைக்கு வந்தது. 1993 ஜூலை 1 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஓர் அலுவலகக் கட்டடத்தில் எட்டுப் பேரைக் கொன்றவன் கையில் அந்த டெக்-டிசி9 இருந்தது. 1994-ல் ஒன்றிய அரசும் பத்தாண்டுத் தடை கொண்டுவந்தபோது அதே உற்பத்தியாளர் ஏபி-10 என்று இன்னொரு பெயர் வைத்தார். 'தடைக்குப் பிறகு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. சட்டத்தைப் பார்த்து இவ்வளவு வெளிப்படையாகச் சிரிக்க ஒரு தைரியம் வேண்டும்.

ஆகவே 1999-ல் கலிபோர்னியா பெயரை விட்டுவிட்டு உறுப்பைப் பிடித்தது. மேகசின் கழலும் அரைத் தானியங்கி வகை ரைபிளில் இவற்றில் ஒன்று இருந்தாலும் தடை: கீழே துருத்தி நிற்கும் கைப்பிடி, கட்டைவிரல் நுழையும் துளையுள்ள தோள்கட்டை, மடக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் தோள்கட்டை, குழல் முனையின் தீப்பொறியை மறைக்கும் குப்பி, முன்கைப்பிடி, குண்டு எறியும் அமைப்பு. 1994-ன் ஒன்றியச் சட்டத்தில் இரண்டு உறுப்புகள் இருந்தால்தான் தடை. துப்பாக்கி முனையில் கத்தி செருகும் கொக்கியும் அந்தப் பட்டியலில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் யார் கத்திக்குத்துப் போருக்கு வந்தார்கள் என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியில் இல்லை. மடக்கும் கட்டை ரைபிளை மேல்சட்டைக்குள் மறைக்க உதவுகிறது. துருத்திய கைப்பிடி, வேகமாகத் தொடர்ந்து சுடும்போது குழல் மேலே எழும்பாமல் பிடிக்க உதவுகிறது. இவை அழகுக்காக வைத்தவை அல்ல.

உறுப்பைப் பிடித்ததும் வியாபாரம் பூட்டைக் கண்டுபிடித்தது. மேகசின் கழலும் பொத்தானை விரலால் அழுத்த முடியாதபடி உள்ளே தள்ளி வைத்தார்கள். தோட்டா முனையாலோ சிறு கருவியாலோ குத்தினால் மட்டும் கழலும். கருவி வேண்டும் என்றால் அது கழலும் மேகசின் அல்ல என்பது வாதம். 'தோட்டாப் பொத்தான்' என்றே அதற்குப் பெயர். 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்டபோது பயன்பட்ட ரைபிள்கள் கலிபோர்னியாவில் வாங்கி, பின்னர் திருத்தப்பட்டவை. மறு ஆண்டு அந்தப் பொத்தானுக்கும் தடை வந்தது. பஃபலோவின் பூட்டு இந்தப் பரம்பரையில் பிறந்த கடைசிப் பிள்ளை. தீண்டாமைக் குற்றத்துக்குச் சட்டம் போட்டதும் இரட்டைக் குவளை போய் பிளாஸ்டிக் குவளை வந்த கதையை அறிந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், குழந்தைகள் சாகிறார்கள், அரசு தாமதமாகவும் தடுமாறியும் சட்டம் போடுகிறது என்ற சித்திரம் கிடைக்கும். இது 1989-க்குப் பிந்திய சித்திரம். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பு அதே கலிபோர்னியா தடுமாறவே இல்லை.

1967 ஏப்ரலில் ஓக்லாந்துக்கு அருகே 22 வயதுக் கறுப்பின இளைஞரை ஷெரீப்பின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே கருஞ்சிறுத்தைகள் ஓக்லாந்தில் போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து கண்காணித்து வந்தார்கள். ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையில் சட்டப் புத்தகம். கலிபோர்னியாவில் அப்போது குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்லச் சட்டம் இடம் கொடுத்தது. சட்டம் படித்த ஹியூய் நியூட்டனுக்கு அது தெரியும். கைது நடக்கும் இடத்தில் சட்டம் சொன்ன தூரத்தில் நின்று, பிடிபட்டவருக்கு அவருடைய உரிமையை உரக்கப் படித்துக் காட்டுவார்கள். ஓக்லாந்துப் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் டான் மல்ஃபோர்ட், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை கேட்டு மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து மே 2 அன்று பாபி சீல் தலைமையில் சுமார் 30 பேர், பெண்களும் உட்பட, துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்தார்கள். வெளியே புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகளைச் சந்திக்க வந்திருந்தார் ஆளுநர் ரொனால்ட் ரீகன். ஜூலை இறுதியில் அவர் கையெழுத்திட்டார். இன்று எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்க்கும் தேசிய ரைபிள் சங்கம் அன்று அந்தச் சட்டத்தை ஆதரித்தது.

ஒரு குழந்தையும் சாகவில்லை. சுட்டுக் கொல்லப்பட்டது ஒரு கறுப்பின இளைஞர், சுட்டது அரசு. ஆனாலும் சட்டம் மூன்று மாதத்தில் முடிந்தது.

இதன் வேர் இன்னும் ஆழம். 1857-ல் டிரெட் ஸ்காட் தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்கள் என்று ஏற்றால் என்னென்ன நடந்துவிடும் என்று அஞ்சிப் பட்டியலிட்டபோது, அவர்கள் எங்கு போனாலும் ஆயுதம் ஏந்தலாம் என்பதையும் அதில் சேர்த்தார். அடிமைமுறை ஒழிந்த அதே 1865-ல் மிசிசிப்பி, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமமின்றித் துப்பாக்கியோ கத்தியோ வைத்திருக்கக் கூடாது என்றது. 1956-ல் மாண்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் படித்தபோது நான் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். ஆளைப் பார்க்கும் சட்டம் ஒரு வகை: அடிமை, கறுப்பினத்தவர், முன்னாள் கைதி, 'தகுதியான நபர்' என்று பார்த்து உரிமம் கொடுக்கும் அதிகாரி. பொருளைப் பார்க்கும் சட்டம் இன்னொரு வகை: எத்தனை தோட்டா, எந்தக் கைப்பிடி. முதல் வகை சாதியைப் போன்றது. இரண்டாவது வகை யார் கை என்று கேட்பதில்லை. ஆகவே ஒடுக்கப்பட்டவர்கள் அதை அஞ்ச வேண்டியதில்லை. வகுப்பில் சொல்ல வசதியான கோடு.

புளோரிடா அந்தக் கோட்டை அழித்தது. 1892-ல், நண்பர்கள் மூவரை மெம்பிஸ் வெறிக்கும்பல் கொன்ற ஆண்டில், இதழாளர் ஐடா பி. வெல்ஸ் ஒவ்வொரு கறுப்பின வீட்டிலும் வின்செஸ்டர் ரைபிளுக்கு மரியாதையான ஓர் இடம் வேண்டும் என்று எழுதினார். வின்செஸ்டர் அன்றைய தொடர்ந்து சுடும் ரைபிள். மறுபடி மறுபடி நிரப்ப வேண்டாம். மறு ஆண்டு, 1893-ல், புளோரிடா வின்செஸ்டரையும் பிற தொடர்சுடு ரைபிள்களையும் உரிமமின்றி ஏந்தத் தடைபோட்டது. சட்டத்தின் வாசகத்தில் கறுப்பினம் என்ற சொல்லே இல்லை, பொருளின் பெயர் மட்டும்தான். 1941-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி புஃபோர்ட் தன் தனிக் கருத்தில் உண்மையை எழுதிவிட்டார்: கற்பூரத்தைலக் காடுகளிலும் மர அறுவை முகாம்களிலும் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளரின் ஆயுதத்தைப் பறிக்கவே அந்தச் சட்டம் வந்தது, வெள்ளையர்மீது பாய வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை, நடைமுறையிலும் பாய்ந்ததில்லை. மொழி பொதுவானதாக இருப்பதும் சட்டம் பொதுவாக இருப்பதும் வேறு வேறு.

இன்றைய மேகசின் சட்டத்துக்குள்ளும் ஆள் நுழைகிறார். 1994-ன் ஒன்றியத் தடை, அதற்கு முன்பு செய்த பெரிய மேகசின்களை வைத்திருக்கவும் விற்கவும் விட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவன் யார், வாங்கப் பணமிருந்தவன் யார்? 2004 செப்டம்பரில் அந்தத் தடையும் காலாவதியானது. கலிபோர்னியா 2016-ல் வைத்திருப்பதையும் தடைசெய்தபோது, மதிப்போடு ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகளுக்கு விலக்களித்தது. பணியில் இருப்பவரை விடுங்கள்; ஓய்வுபெற்று வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருப்பவருக்கு 30 தோட்டா எதற்கு? 1967-ல் கருஞ்சிறுத்தைகள் யாரைக் கண்காணிக்கத் துப்பாக்கி ஏந்தினார்களோ அவர்களுக்கே இந்த விலக்கு. பத்தாவது தோட்டாவுக்குப் பிறகு சட்டம் சிலரிடம் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது.

2022 ஜூன் 23 அன்று, பஃபலோவின் சவக்குழிகள் காய்வதற்குள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில் தீர்ப்பளித்தது. எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ், நீதிமன்றத்தில் இருக்கும் கறுப்பின நீதிபதி. நியூயார்க்கில் துப்பாக்கி ஏந்த, அதிகாரி ஏற்கும்படியான தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற விதி ரத்தானது. அந்த வழக்கில் நடந்த ஒன்றை மாணவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். ஏழைகளுக்காக வாதாடும் பிராங்க்ஸ் டிஃபென்டர்ஸ் அமைப்பும் லீகல் எய்டின் கறுப்பின வழக்கறிஞர்களும் அந்த விதியை எதிர்த்து மனு போட்டார்கள்: உரிமம் இல்லாத குற்றத்துக்குச் சிறை போகிறவர்கள் எங்கள் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள்தான் என்றார்கள். என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியம் விதியை ஆதரித்து மனு போட்டது: துப்பாக்கியால் சாகிறவர்களும் எங்கள் பிள்ளைகளே என்றது. இரண்டும் உண்மை. ஒடுக்கப்பட்டவர்கள் ஒரே குரலில் பேச வேண்டும் என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு மனுக்களையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

புரூவன் ஒரு புதிய அளவுகோலையும் வைத்தது: இன்றைய கட்டுப்பாடு எதற்கும் பழைய வரலாற்று மரபில் இணை இருக்க வேண்டும். அதனால் அரசு வழக்கறிஞர்கள் பழஞ்சட்டங்களைத் தோண்டினார்கள். வெடிமருந்தை வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்ற சட்டங்கள் கிடைத்தன, போவி கத்திக்கு எதிரான சட்டங்கள் கிடைத்தன. 1927-ல் மிச்சிகன் 16 முறைக்கு மேலும், ரோட் ஐலண்ட் 12 முறைக்கு மேலும் நிரப்பாமல் சுடும் துப்பாக்கியைத் தடைசெய்தது கிடைத்தது. கூடவே அடிமைகளையும் பழங்குடிகளையும் நிராயுதபாணியாக்கிய சட்டங்களும் கிடைத்தன. குழந்தைகளைக் காக்க வந்த சட்டத்துக்குச் சாட்சியாக அடிமைச் சட்டத்தைக் கூண்டில் ஏற்றும் நிலை. அடிமைகளுக்கும் பெண்களுக்கும் வாக்கில்லாத காலத்தின் சட்டமன்றங்களை இன்றைய உயிருக்கு அளவுகோலாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மனுவைக் கேட்டுத்தான் நமக்குக் கிணறு தரலாமா என்று முடிவெடுப்போம் என்பதற்கு ஒப்பானது அது.

கலிபோர்னியாவின் மேகசின் வழக்கு இந்தக் குழப்பத்தில் ஊசலாடியது. 2019 மார்ச்சில் மாவட்ட நீதிபதி பெனிடஸ் தடையை ரத்துசெய்தார். தீர்ப்பு நிறுத்திவைக்கப்படும் வரை இருந்த ஒரு வாரத்தில் பெரிய மேகசின்கள் குவியல் குவியலாக மாநிலத்துக்குள் வந்தன. 2023-ல் மறுபடி ரத்துசெய்தார். 2025 மார்ச் 20 அன்று ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 7–4 என்று தடையைக் காத்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்று, பெரிய மேகசின் ஆயுதமே அல்ல, அது இல்லாமலும் துப்பாக்கி இயங்கும் என்பது. மாற்றுக் கருத்துச் சொன்ன நீதிபதி ஒருவர் துப்பாக்கியைப் பாகம் பாகமாகக் கழற்றிக் காட்டிக் காணொளி எடுத்து வெளியிட்டார். நீதிமன்றங்கள் இரும்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் காலம் இது. 2024-ல் பம்ப் ஸ்டாக் வழக்கிலும் தாமஸ் விசையின் உட்புறப் படங்களைத் தீர்ப்புக்குள் வைத்தார்: பின்னுதைப்பால் விசை விரலில் மோதிக்கொண்டே இருந்தாலும் ஒவ்வொரு மோதலும் தனி இழுப்பு, ஆகவே அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது. 2017-ல் லாஸ் வேகாஸ் மேடைக்கு முன் விழுந்த உடல்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

இனி நம் பக்கம், சுருக்கமாக. வெள்ளையனின் 1878 ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்தது. குடகு இனத்தவருக்கும் அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் கிடைத்த விலக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2019-ல் ஒன்றிய அரசு அதைப் பத்தாண்டுக்கு நீட்டித்தது. பிறப்பும் நிலமும் இருந்தால் உரிமம் வேண்டாம். நால்வருணம் நிலைத்ததற்குக் கீழ்ச்சாதிகளுக்கு ஆயுதம் மறுக்கப்பட்டது ஒரு காரணம் என்று அம்பேத்கர் 1936-லேயே சொல்லிவிட்டார். இந்தப் பின்னணியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-ன் மூன்றாவது விதியை எடுத்துப் பாருங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என்று கண்டறிந்த இடத்தில் மாநில அரசு செய்ய வேண்டியவை அதில் இருக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதாரின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவையென்றால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்க வேண்டும். ஆளைப் பார்க்கும் சட்டம்தான் இதுவும். ஆனால் புளோரிடாவின் சட்டம் பார்த்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் பார்க்கிறது. உலகில் இப்படியொரு விதியை வேறெங்கும் நான் படித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தாக்குதலுக்கு உள்ளான ஒரு சேரியின் மக்களோடு அந்த விதியின்படி மனு எழுதினோம். ஊர்த்தெருவில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய துப்பாக்கிகள் இருந்தன. எங்களோடு வந்த இளைஞர்கள் நமக்கும் உரிமம் கேட்டு எழுதுவோம் என்றார்கள். கணவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்திருந்த ஒரு அம்மா, "எங்களுக்கு வேணாம் தம்பி. அவங்ககிட்ட இருக்கறத முதல்ல வாங்கச் சொல்லு" என்றார். இரண்டையும் எழுதினோம். அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் அப்படியொரு விதி இருப்பதைக் கேள்விப்பட்டதில்லை என்றார். எங்கள் பிரதியை வாங்கி நகலெடுத்துக்கொண்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது.